இருபத்தாறில் நடுங்கும் வண்டி

“இருபத்தாறுன்னு வெச்சா உள்ள இருபத்தாறு இருக்கணும். அவ்வளவுதான் சார் நான் கேக்கறது. இதுல என்ன தப்பு?”

“தப்பே இல்ல மேடம். அதான் இருக்குதே. இங்க பாருங்க, வெச்சது இருபத்தாறு, உள்ள இருபத்தாறு. பத்துப் பொருத்தமும் இருக்கு.”

“அப்ப பின்சீட்டுல உக்கார்றவங்க ஏன் நடுங்கறாங்க?”

“அது வண்டிக் கோளாறு இல்ல மேடம். உடம்புக் கோளாறு.”

இப்படிச் சொன்ன மகானுக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் ஸ்கேனர். அக்காவின் வண்டியைப் பார்க்கிற சர்வீஸ் சென்டரில் தலைமை டெக்னீசியன். கார் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே காருக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர். கையில் ஒரு டேப்லெட், அதிலிருந்து வண்டிக்கு ஒரு வயர். வண்டி கொழுந்துவிட்டு எரிந்தாலும் திரையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அது மூன்றாவது தடவை நாங்கள் அவர் முன்னால் நின்றது. புதன்கிழமை.

அக்காவின் வண்டி பேட்டரி கார். டயாலிசிஸ் கிளினிக் ஒன்றுக்கு ஓட்டுகிறாள். நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, கிளினிக்கில் இறக்கி, நாலு மணி நேரம் கழித்துத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். எட்டு வருஷம் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனபிறகு, “இனிமே என் நாற்காலி நகரணும்” என்று சொல்லிப் பிடித்த வேலை. ரூட்டும் அவளுக்கு அமைந்த மாதிரி வேறு யாருக்கும் அமையவில்லை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆரம்பித்தால், பள்ளி விடும் நேரத்துக்கு முடிந்துவிடும்.

அந்த ரூட்தான் இப்போது ஆட்டம் கண்டது. “கார் குளிர்கிறது” என்று எழுத்தில் இரண்டு புகார்கள். கிளினிக்கில் வண்டிகளைக் கவனிக்கும் மேடம் ஒருவர் இருக்கிறார். அவர் போனில் ரொம்ப இனிமையாகச் சொல்லிவிட்டார்: “மூணாவது புகார் வந்தா ரூட்டை மாத்தற மாதிரி ஆயிடும்மா. திங்கக்கிழமை மீட்டிங்ல பாக்கறோம்.”

டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்கெனவே உடம்பு சில்லிட்டிருக்கும். அவர்களை ஃபிரிட்ஜில் உட்கார்த்தி வைத்து அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு போனால் புகார் எழுதாமல் வாழ்த்து மடலா எழுதுவார்கள்?

சரி, ஏ.சி.யைக் குறைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. கிளினிக்கின் சட்டம் இருபத்தாறு. எல்லா வண்டியிலும் முன்கண்ணாடி ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதை யாராவது மீறுகிறார்களா என்று பார்க்க வண்டிக்கு ஒரு ஜி.பி.எஸ். பெட்டி வேறு. வண்டி எங்கே போகிறது, எவ்வளவு வேகம், ஏ.சி. எத்தனையில் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் அது ஆபீஸுக்குப் போட்டுக் கொடுத்துவிடும். அக்கா ஒரு நாள் முப்பதில் வைத்தாள். பத்தே நிமிஷத்தில் போன். “ஏம்மா, ஸ்டிக்கர் படிக்கலையா?”

சட்டம் மாறாது, வண்டி நடுங்குகிறது. கிளினிக் என்ன செய்தது தெரியுமா? பன்னிரண்டு வண்டிக்கும் பன்னிரண்டு கம்பளி வாங்கிக் கொடுத்தது. இதற்கு ஒரு கூட்டம் போட்டு, நாலு பேர் யோசித்திருக்கிறார்கள்.

மற்ற நோயாளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசாமல் வந்தார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். கணக்கு டீச்சர். ஓய்வுபெற்றுப் பதினோரு வருஷம் ஆகியும் முகத்தில் இன்னும் பரீட்சை ஹால் இருக்கும். முதல் நாள் அக்கா கம்பளியை நீட்டியதும் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

“வெளிய மண்டை காயற வெயில். காருக்குள்ள கம்பளி. எனக்குக் கிட்னிதான் கெட்டிருக்கு, மூளை இல்ல.”

அடுத்த தடவை ஒரு சின்ன தெர்மாமீட்டரோடு ஏறினார். அறை வெப்பம் பார்க்கிற வகை, தீப்பெட்டி அளவில். அதை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பின்மண்டையைப் பார்த்தே வந்தாராம். இறங்கும்போது, “உன் கார் இருபத்தாறுங்குது. என் கையில பத்தொம்பது. ரெண்டுல யாரோ பொய் சொல்றாங்க. நான் சொல்லல” என்றார். இரண்டாவது புகார் அவர் எழுதியதுதான். தேதி, நேரம், டிகிரி எல்லாம் போட்டு, அடியில் கோடு கிழித்து.

அந்தப் புகாரோடுதான் ஸ்கேனரிடம் போக ஆரம்பித்தோம். முதல் தடவை அவர் வண்டியை ஷெட் நிழலில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்து போட்டு, காற்று வருகிற ஓட்டைக்குள் ஒரு குச்சி தெர்மாமீட்டரைச் செருகினார். “எட்டு டிகிரி! ஏ.சி. பிரமாதம்!” குளிர் போதவில்லை என்று யார் அழுதார்கள்? இரண்டாவது தடவை சாஃப்ட்வேர் அப்டேட். ரேடியோவில் நாங்கள் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்ததுதான் கண்ட பலன். மூன்றாவது தடவை, அதாவது அந்தப் புதன்கிழமை, ஸ்டியரிங் பக்கத்துப் பேனலைக் கழற்றி, உள்வெப்பத்தை அளக்கிற சென்சாரையே மாற்றினார். பேனல் கையில், கதவுகள் திறந்தபடி, ரீடிங் முப்பது. ஷெட்டும் முப்பது. “பாத்தீங்களா, பழசும் இதையேதான் காட்டுச்சு” என்றார். பேனலை டப்பென்று அடித்து மூடினார். முடிந்தது வைத்தியம்.

“மூடின அப்பறம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமே சார்?” என்று நான் கேட்டேன்.

“நீங்க யாரு?”

“தங்கச்சி.”

“என்ன பண்றீங்க?”

“ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில இருக்கேன்.”

அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “மேடம், ஃபிரிட்ஜ் வேற, கார் வேற. பேட்டரி வண்டின்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். அதுவும் லேடீஸுக்குக் குளிர் கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியும்.”

தெர்மாமீட்டர் ஆணா பெண்ணா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அக்கா என் காலை மிதித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் களத்தில் இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் நானும் பெரிய பிரதாபம் எதுவும் பண்ணவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலைப் பார்க்கிற சென்சார் ஒன்று உண்டு. வெயில் அடித்தால் அது ஏ.சி.யைக் கூட்டும். “இதுதான், இதேதான்” என்று சத்தியம் பண்ணி, வியாழக்கிழமை முழுக்க அதன்மேல் துணி போட்டு ஓட்டச் சொன்னேன். சாயங்காலம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

“உன் துணி நல்லாத் தூங்குச்சு. பத்தொம்பதுலயே இருக்குடீ.”

“ஒருவேளை—”

“ஒருவேளை நீயும் ஒரு டேப்லெட் வாங்கிக்கோ. ஜோடியாப் போய் உக்காருங்க.”

வெள்ளிக்கிழமை மரியாதையாக அடிப்படையிலிருந்து ஆரம்பித்தேன். உள்வெப்ப சென்சார் ஒரு சின்ன ஜல்லடைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குப் பின்னால் கட்டைவிரல் நக அளவில் ஒரு விசிறி, கார் உள்காற்றை உறிஞ்சி சென்சார்மேல் விடும். விசிறி செத்துவிட்டால் சென்சார் பக்கத்துச் சூட்டையே அளந்துகொண்டு கிடக்கும். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை ஜல்லடைமேல் வைத்தேன். ஒட்டிக்கொண்டு நின்றது. விசிறிக்கு உயிர் இருக்கிறது. லேசாகத்தான் ஒட்டியது, ஆனால் ஒட்டியது.

சென்சார் புதுசு, விசிறி ஓடுகிறது, ஏ.சி. குளிர்கிறது, ஆனாலும் கணக்கு ஏழு டிகிரி உதைக்கிறது. எங்கள் கடையில் இந்த மாதிரி கேஸ் மாதத்துக்கு ரெண்டு வரும். ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் எல்லாம் உறைந்து வெடிக்கும், தெர்மோஸ்டாட்டை மாற்றினாலும் உறையும். கடைசியில் பார்த்தால் யாரோ சுடச்சுட ஒரு பாத்திரத்தைத் தினமும் அந்த சென்சாரை ஒட்டி வைத்திருப்பார்கள். சென்சார் பாவம், “ஐயோ சூடு” என்று கத்தும், மெஷின் போட்டு உறைய வைக்கும். அதனால் எங்கள் கடையில் சென்சாரைத் தொடுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

சனிக்கிழமை டீச்சருக்குப் பதினொரு மணிக்கு டயாலிசிஸ். ஒன்பதரைக்கே அவரை ஏற்றிக்கொள்ள அக்கா போனாள், நானும் முன்சீட்டில். விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார்.

“சர்வீஸ் சென்டர் வழியிலதானே இருக்கு? அங்கயே போ. அந்த ஆளு முகத்தை நானும் ஒரு தடவை பாக்கறேன். ஆனா பதினொண்ணுக்கு நான் பெட்டுல இருக்கணும்.”

சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தி, கதவு கண்ணாடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். என்னிடம் ஒரு சின்னப் பிளக் இருக்கிறது. வண்டியில் செருகினால் சென்சார் கணக்கெல்லாம் போனில் தெரியும். போன் இருபத்தாறு காட்டியது. டீச்சர் மடியில் பத்தொன்பது.

“யார் பொய் சொல்றான்னு இன்னும் தெரியலையா?” என்றார் டீச்சர், துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே.

நான் பேனலை நெம்பினேன். நாலே நாலு கிளிப். கையோடு வந்தது, முதுகில் சென்சாரும் தொங்கியபடி. கதவைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். போனில் இருபத்தைந்து. இருபத்து மூன்று. இருபத்தொன்று. அஞ்சாறு நிமிஷத்தில் பத்தொன்பது. டீச்சரின் மடியும் போனும் முதல் முறையாக ஒத்துப்போயின.

“மூடு” என்றார் டீச்சர்.

மூடினேன். ஏற ஆரம்பித்தது.

“திற.”

இறங்கியது.

“அப்ப உள்ள உக்காந்து எவனோ ஊதறான்” என்றார்.

ஃபிளாஷ் லைட் அடித்துப் பார்த்தேன். ஜி.பி.எஸ். பெட்டி. வயர்க்கட்டின்மேல் கறுப்பு டேப் சுற்றி, அழகாக, அம்சமாக, பேனலை மூடினால் சென்சாரின் முதுகோடு முதுகாக ஒட்டுகிற மாதிரி குடிவைத்திருந்தார்கள். தொட்டேன், சுட்டது. ராத்திரி பகல் பாராமல் ஆபீஸுக்குக் கோள்சொல்லும் பெட்டி, சுடாமல் என்ன செய்யும்? புதன்கிழமை ஸ்கேனர் பேனலைக் கழற்றினார், சென்சார் பெட்டியை விட்டு விலகியது, ரீடிங் சரியானது. மூடினார், திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. திரையிலோ வெச்சது இருபத்தாறு, உள்ளே இருபத்தாறு. நிஜமான காரில் எத்தனை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கதவை மூடி உட்கார்ந்து பார்க்க அந்த மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை. இருபத்தாறு சட்டத்தைக் காவல் காக்க வைத்த பெட்டிதான் இருபத்தாறைத் தின்றுகொண்டிருந்தது!

“இது எப்ப வெச்சது?” என்றேன்.

அக்கா விரல்விட்டு எண்ணினாள். “ரெண்டு மாசம். பன்னெண்டு வண்டிக்கும் இந்த ஸ்கேனர்தான் வெச்சார். வெச்சுட்டு, ‘ஒரு வயராவது வெளிய தெரியுதா பாருங்க’ன்னு எங்களை வரிசையா நிக்கவெச்சுக் காட்டினாரே.”

முதல் புகார் வந்து ஏழு வாரம்.

டேப்பை வெட்டினேன். பெட்டியின் சீலையும் பிளக்கையும் தொடவில்லை. ஒரு சாண் கீழே, இரும்புச் சட்டத்தின் ஓரமாக அதை நகர்த்திக் கட்டி, பேனலை மூடினேன். சென்சார் இப்போது பத்தொன்பதைப் பத்தொன்பது என்றே சொன்னது. ஏ.சி. சத்தம் அடங்கியது. மெதுவாக ஏறி ஏறி, டீச்சரின் கையில் இருபத்தைந்தரை. அவர் துப்பட்டாவைக் கழற்றி மடித்து வைத்தார். பாராட்டு எதுவும் வரவில்லை. “மணி பத்து இருபது” என்றார்.

அப்போதுதான் கண்ணாடியில் தட்டினார் ஸ்கேனர்.

“என்ன நடக்குது இங்க? பேனலை யாரு தொட்டது?”

அக்கா இறங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் போல ஏதோ வந்தது. உடனே அணைத்துவிட்டார்.

“ஃபிரிட்ஜ் கடையிலேருந்து வந்து வண்டியைக் கிழிச்சுட்டுப் போனா வாரண்டி கிடையாது மேடம்.”

“வாரண்டி இருக்கட்டும். ஜாப் கார்டுல உண்மையை எழுதி சீல் போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல காட்டணும். அது இல்லாட்டி ரெண்டு புகாரும் என் தலையிலதான் விழும்.”

உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் கார்டோடு வந்தார். அதில் எழுதியிருந்தது இது: “ஏ.சி. பயன்படுத்தும் முறை ஓட்டுநருக்கு விளக்கப்பட்டது. வண்டியில் குறை இல்லை.”

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். எட்டு வருஷம் ஆபீஸில் இருந்தவள், காகிதத்தில் எந்த இடத்தில் விஷம் இருக்கும் என்று தெரியும்.

“இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஏழு வாரமா எனக்கு ஏ.சி. போடத் தெரியலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.”

“அட, வெறும் வார்த்தை மேடம். போடுங்க. மத்த பதினோரு வண்டியையும் நான் சத்தமில்லாம சரி பண்ணிடறேன். யாருக்கும் தொந்தரவு வேணாம்.”

“உங்களுக்குத் தொந்தரவு வேணாம்.”

“இல்லாட்டி இந்தப் பெட்டி வேற வண்டிலயும் ஒட்டியிருக்குன்னு நீங்கதான் காட்டணும். ஒரு வண்டியை வெச்சு என் வேலையைக் குறை சொல்ல முடியாது.”

இதுதான் அவர் செய்த தப்பு. அக்காவுக்கு வழியை அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். அவள் போனை எடுத்தாள். ஓட்டுநர்கள் குழுவில் குரலாகவே பேசி அனுப்பினாள்:

“அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாரும் வண்டியில ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற சின்ன ஜல்லடை மேல விரலை வைங்க. அப்பறம் பக்கத்துப் பிளாஸ்டிக் மேல வைங்க. எது சூடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் ரூட் இதுல தொங்குது.”

பத்தே முக்கால் ஆகிவிடுமே என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பின்சீட்டிலிருந்து தெர்மாமீட்டரை ஜன்னலில் சாய்த்து ஸ்கேனர் கண்ணில் படும்படி வைத்தார்.

முதல் பதில் ஒரு அண்ணனிடமிருந்து. “ஜல்லடைதான் சூடு. ஏன்? நான் ரெண்டு மாசமா ஸ்வெட்டர் போட்டு ஓட்டறேன், வீட்ல கேலி பண்றாங்க.” அடுத்தது: “சூடு.” அடுத்தது: “நல்ல சூடு. எனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்.” மளமளவென்று வந்தன. எட்டு வண்டி. மீதி மூன்று பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் போல.

அக்கா ஒவ்வொன்றையும் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். பக்கத்து ஷெட்டில் வேலை செய்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஸ்கேனர் டேப்லெட்டைப் பார்த்தார். அதில் அவருக்குச் சாதகமாக ஒரு பச்சைப் புள்ளியும் இல்லை.

“எட்டு பேருக்குமே ஏ.சி. போடத் தெரியலையா தம்பி?” என்று டீச்சர் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார். “அப்ப ஒரு வகுப்பு எடுங்க. நானும் வர்றேன்.”

ஸ்கேனர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். புதுக் கார்டு வந்தது. “ஜி.பி.எஸ். பெட்டி உள்வெப்ப சென்சாரைத் தொட்டிருந்தது, இடம் மாற்றப்பட்டது.” யார் ஒட்டினார், யார் மாற்றினார் என்று அதில் ஆளே இல்லை. எல்லாம் தானாக நடந்ததாம். ஆனால் சீல் இருந்தது. அக்கா அதைப் படம் எடுத்து அங்கேயே மேடத்துக்கு அனுப்பினாள். பத்து ஐம்பத்தெட்டுக்கு டீச்சரைக் கிளினிக் வாசலில் இறக்கினோம்.

“மூணாவது புகார் எழுதறதா இருந்தேன்” என்றார் இறங்கும்போது. “பேப்பர் மிச்சம்.”

திங்கட்கிழமை மீட்டிங்கில் ரூட் அக்காவுக்கே என்று முடிவாகிவிட்டது. மேடம் அதே இனிமையோடு போன் பண்ணினார். கம்பளிகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அடுத்து சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது: மற்ற பதினோரு வண்டியிலும் பெட்டியை மாற்றிக் கட்டுகிற வேலை ஸ்கேனருக்கே. “அவருக்குத்தான்மா இந்தப் பிரச்சனை நல்லாத் தெரியும்!”

அக்கா, “யாரு பண்ணா என்னடீ, உள்ள இருக்கறவங்க நடுங்காம இருந்தாச் சரி. நீ போய்ச் சண்டை போட்டு, மறுபடி என் ரூட்டுல கைவெக்காத” என்கிறாள். அவள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் மூடியபிறகு கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அந்த ஆளுக்கு இன்னும் தெரியாது. நேற்று ஒரு வண்டியை முடித்துவிட்டாராம். பெட்டியை நகர்த்தி, கதவுகளைத் திறந்துபோட்டு, டேப்லெட்டைப் பார்த்து “ஓகே” என்றாராம். ஸ்வெட்டர் அண்ணன்தான் சொன்னார், அவர் வண்டிதான் அது. ஜல்லடை இன்னும் லேசாகச் சுடுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை லீவு. நாலு கிளிப், ஒரு சாண் டேப், ஒரு தெர்மாமீட்டர், வண்டிக்கு இருபது நிமிஷம். அக்காவுக்குத் தெரியாமல் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லி நானே முடித்துவிடட்டுமா, இல்லை வாயை மூடிக்கொண்டு அந்தப் பதினோரு வண்டியையும் அவர் கையிலேயே விட்டுவிடட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சீக்கிரம் சொல்லுங்களேன்?